தொட்ட கை துலங்கியது!

பெருவியாதிப் பயத்தை வென்ற டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே போனால் திருக்கழுக்குன்றம் வரும். அதையும் தாண்டினால் மாமல்லபுரம், அப்புறம் கடல். கோயிலும் குளமும் கடற்கரையும் பார்க்க வருகிற ஜனங்கள் அந்தப் பாதையில் கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

ஆனால் செங்கல்பட்டை ஒட்டிய திருமணிக்கு அந்தக் காலத்தில் யாரும் ஆசையோடு போனதில்லை. அங்கே இருந்தது தொழுநோய் ஆஸ்பத்திரி. சென்னை கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் அது அழைக்கப்பட்டது. பெருவியாதி, குஷ்டம் என்று ஜனங்கள் பயந்து பேசிய நோய் கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

1947-ம் ஆண்டு. இந்தியா சுதந்திரம் அடைந்த வருஷம். அந்த ஆஸ்பத்திரியைப் பார்க்க வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர். வயது முப்பத்து மூன்றுக்குள். எலும்பு, கை, கால் ஆபரேஷன்களில் கெட்டிக்காரர்.

ஆஸ்பத்திரியின் தலைவர் அவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். தோலில் விழும் தேமலைப் பற்றி விளக்கிக்கொண்டே போனார். வந்தவரின் கண் தோலில் இல்லை. கைகளையே பார்த்தார். விரல்கள் உள்ளே மடங்கி, பருந்தின் நகம் போல வளைந்து போன கைகள். வணக்கம் சொல்ல முயன்றால்கூட உள்ளங்கைகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

ஒரு வாலிபரின் முன்னால் அவர் நின்றார். அந்த மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்தார். முடிந்த மட்டும் அழுத்திப் பிடிக்கும்படி சொன்னார்.

மெலிந்த பிடி ஒன்றைத்தான் அவர் எதிர்பார்த்தார். ஆனால் நடந்தது என்ன? இரும்புப் பிடி! வாலிபரின் நகங்கள் டாக்டரின் சதையில் பதிந்தன. வலி தாங்காமல் டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

வலித்த அந்த நொடியில் அவர் மனத்தில் மின்னல் வெட்டியது. செத்துப் போன கை என்று உலகம் ஒதுக்கிய கையில் இத்தனை பலமா? அப்படியானால் இந்தக் கையைத் திரும்பவும் வேலை செய்ய வைக்கலாமே!

அவர்தான் டாக்டர் பால் பிராண்டு.

மனித குலத்தை எத்தனையோ நூற்றாண்டுகளாகப் பிடித்து ஆட்டிய நோய் அது. அத்தனை காலமும் அந்த விரல்களின் பலம் மறைந்தே கிடந்தது. காரணம், அதைத் தொட்டுப் பார்க்கத் துணிந்தவர்கள் மிகவும் குறைவு. ஒரு கைப்பிடியில் வெளிவந்த உண்மையைப் பயம் அத்தனை காலம் மூடி வைத்திருந்தது.

கொல்லிமலைப் பிள்ளை

பால் பிராண்டு வெள்ளைக்காரர் என்றாலும் பிறந்தது தமிழ்நாட்டில்தான். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில், 1914-ம் ஆண்டு ஜூலை 17-ந்தேதி பிறந்தார். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்டு. தாயார் எவலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள்.

அந்தக் காலத்தில் கொல்லிமலைக்குச் சாலை கிடையாது. செங்குத்தான ஏற்றத்தில் நடந்துதான் போக வேண்டும். மலையில் கொடிய மலைக்காய்ச்சல் இருந்தது. கீழ்நாட்டு ஜனங்கள் அங்கே தங்கவே பயப்படுவார்கள். ஜெஸ்ஸி அங்கே தம் கையாலேயே வீடு கட்டினார். பள்ளிக்கூடம் வைத்தார். தமக்குத் தெரிந்த வைத்தியத்தை மலை ஜனங்களுக்குச் செய்தார். சிறுவன் பால் மலைப் பிள்ளைகளோடு மரம் ஏறி, தமிழ் பேசி வளர்ந்தான்.

முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் உலகம் எங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. இன்புளூயன்சா என்ற அந்தக் காய்ச்சல் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொல்லிமலையும் தப்பவில்லை. நோய் கண்ட வீட்டுக்கு உறவினர்களும் போகப் பயந்தார்கள். ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்.

அந்த மலையில் ஒரு பூசாரி இருந்தார். ஜெஸ்ஸியின் மதத்தை எதிர்த்தவர் அவர். அவரும் அவர் மனைவியும் காய்ச்சலில் விழுந்தபோது அக்கம்பக்கத்தார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிராண்டு தம்பதிகள் பார்த்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். எந்த மதம் என்று பார்க்கவில்லை. பயப்படாமல் வந்தவர்கள் யார் என்று மட்டும்தான் அவர் பார்த்தார்.

எரிந்த கூடை

அத்தனை தைரியசாலியான ஜெஸ்ஸியையும் ஒரு நோய் பயமுறுத்தியது. அது தொழுநோய்.

ஒருநாள் மூன்று பேர் மலை ஏறி வந்தார்கள். கை கால்களில் புண். விரல்கள் குறைந்து போயிருந்தன. பிள்ளைகளை அருகில் வர வேண்டாம் என்று ஜெஸ்ஸி தடுத்துவிட்டார். கையில் உறை மாட்டிக்கொண்டார். புண்ணைக் கழுவினார், கட்டுப் போட்டார். எவலின் ஒரு கூடையில் பழங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

அவர்கள் போன பிறகு கூடை அங்கேயே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. ஜெஸ்ஸி அதை எரித்துவிட்டார். கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அந்த மூவரும் உட்கார்ந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

சிறுவன் பால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். விஷக்காய்ச்சல் வீட்டுக்குள் தயங்காமல் நுழைந்த அப்பா, ஒரு பழக்கூடைக்குப் பயந்ததைக் கண்டான். அந்தக் காட்சி அவன் மனத்தை விட்டு அகலவே இல்லை.

ஜெஸ்ஸியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது.

கதைகள் வளர்த்த பயம்

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

நோய்க்கிருமியை மனிதன் கண்டுபிடித்தது 1873-ம் ஆண்டில்தான். நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டார். ஆனால் பயமோ ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழையது. அதை வளர்த்ததில் கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணனின் மகன் சாம்பன் சாபத்தால் குஷ்டம் கண்டான், சூரியனை வணங்கிக் குணமானான் என்று புராணம் சொல்லும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இந்த நோயாளிகள் மணி அடித்துக்கொண்டு தெருவில் போக வேண்டியிருந்தது. சத்தம் கேட்டதும் மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். கடவுள் கொடுத்த தண்டனை என்று அங்கும் நம்பினார்கள்.

தமிழ்நாட்டில் ரத்தக்கண்ணீர் கதை தெரியாதவர்கள் உண்டா? திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம் அது. நடிகவேள் எம். ஆர். ராதா மேடையில் அதை நடித்துப் புகழ் பெற்றார். 1954-ல் சினிமாவாகவும் வந்தது. சீமையில் படித்துவிட்டு வந்த பணக்கார வாலிபன் தாயையும் மனைவியையும் மதிக்காமல் தாசி வீடே கதி என்று கிடக்கிறான். கடைசியில் அவனுக்குக் குஷ்டம் வருகிறது. சொத்து போகிறது, கண் போகிறது, தெருவில் அலைகிறான்.

ராதாவின் நடிப்பைப் பார்த்து ஜனங்கள் கை தட்டினார்கள், கண்ணீரும் விட்டார்கள். கதை சொல்ல வந்தது ஒழுக்கத்தைப் பற்றி. ஆனால் பார்த்தவர்கள் பலர் மனத்தில் ஊன்றிக்கொண்டது என்ன? தப்புச் செய்தவனுக்கு இந்த நோய் வரும் என்பதுதான். அப்படியானால் நோய் வந்தவன் தப்புச் செய்தவனாகத்தானே இருக்க வேண்டும்! இதில் சிக்கிக்கொண்டவர்கள் ஒரு பாவமும் அறியாத நோயாளிகள். தாசி வீட்டுக்கும் தொழுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்து வயதுக் குழந்தைக்கும் இந்த நோய் வரும்.

பிராண்டு செங்கல்பட்டுக்கு வந்த அதே 1947-ல்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யு கொள்ளைநோய் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். ஒரு நகரத்தில் பிளேக் பரவுகிறது. நகரத்தின் கதவுகள் மூடப்படுகின்றன. அந்தக் கதையிலும் ஒரு பாதிரியார், இது ஜனங்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பிரசங்கம் செய்கிறார். ஒரு டாக்டரோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் தினமும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார். எந்த ஊர்க் கதையானாலும், நோய் வந்தால் ஜனங்கள் முதலில் தேடுவது யார் மேல் பழி போடலாம் என்பதைத்தான்.

தச்சு வேலை செய்த டாக்டர்

ஒன்பது வயதில் பாலும் தங்கையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அது 1923-ம் ஆண்டு. தகப்பனாரின் முகத்தை அதன் பிறகு பால் பார்க்கவே இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே மலைக்காய்ச்சலால் காலமானார். இறந்த செய்தி தந்தியில் வந்தது. அதற்குப் பிறகும் தகப்பனார் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன் அதைப் படித்து என்ன பாடு பட்டிருப்பான்!

டாக்டர் படிப்பு என்றாலே பாலுக்கு அப்போது வெறுப்பு. கொல்லிமலையில் பார்த்த சீழும் ரத்தமும் அவர் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே கட்டிட வேலை கற்கப் போனார். ஐந்து வருஷம் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினார். தகப்பனாரைப் போல வீடு கட்டுகிற ஊழியராக இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஆசை.

ஊழியத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் வைத்தியமும் கற்க வேண்டும் என்று ஒரு சிறு பயிற்சியில் சேர்ந்தார். அங்கே ரத்தம் ஏற்றியதால் ஒரு பெண்ணுக்கு உயிர் திரும்பியதைக் கண்ணால் கண்டார். அதோடு மனம் மாறியது. லண்டனில் டாக்டருக்குப் படித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்ட நாட்களில், காயம் பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்து அனுபவம் பெற்றார். கூடப் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்துகொண்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அப்போது தலைவராக இருந்தவர் டாக்டர் ராபர்ட் கோக்ரேன். தொழுநோய் வைத்தியத்தில் உலகப் புகழ் பெற்றவர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியை வளர்த்தவரும் அவரே. அவர் அழைப்பின் பேரில் 1946-ல் பிராண்டு வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு திருமணியில் அவருக்குச் சுற்றிக் காட்டியவரும் அந்தக் கோக்ரேன்தான்.

செங்கல்பட்டில் அப்போது இன்னொரு பெரிய மாறுதலும் நடந்துகொண்டிருந்தது. அதுவரை தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டு வந்தார்கள். வலி அதிகம், பலன் குறைவு. கோக்ரேன் சல்போன் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கிருமி அடங்கியது. பிற்காலத்தில் டாப்சோன் மாத்திரையாக லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த மருந்துதான்.

கிருமிக்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் மடங்கிப் போன கைக்கு என்ன வழி? தொழுநோயால் முடமானவர்கள் இத்தனை பேர் இருந்தும், எலும்பு டாக்டர் ஒருவரும் இவர்களைக் கவனித்ததில்லையே என்று கோக்ரேன் வருத்தப்பட்டார். பிராண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

கயிற்றை மாற்றிக் கட்டினார்

வேலூருக்குத் திரும்பிய பிராண்டு நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கைகளைச் சோதித்தார். விரல் விரலாக, தசை தசையாகப் பார்த்தார். உண்மை விளங்கியது.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு போன்ற இடங்களில் நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கேதான் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. அதனால் உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயல் இழக்கின்றன. ஆனால் முன்கையில் உள்ள பெரிய தசைகள் பலத்தோடு இருக்கின்றன. செங்கல்பட்டு வாலிபர் பிடித்த இரும்புப் பிடிக்குக் காரணம் அதுதான்.

பொம்மலாட்டம் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிறு அறுந்தால் பொம்மையின் கை தொங்கிவிடும். நல்ல கயிறு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் மாற்றிக் கட்டினால் கை மறுபடி ஆடும். பிராண்டு செய்ததும் அதுவே. நல்ல தசையின் நாணை எடுத்து, செயல் இழந்த விரலில் மாற்றிக் கட்டினார்.

சொல்வது சுலபம். செய்வதற்கு இடம் வேண்டுமே! ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளுக்குப் படுக்கை கொடுக்கத் தயங்கினார்கள். அவர்களைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று பயம். அவர்களுடைய சதை ஆறாத சதை, கத்தி வைத்தால் புண் புரையோடிவிடும் என்றும் டாக்டர்களே நம்பினார்கள்.

1948-ல் முதல் ஆபரேஷன் நடந்தது. நன்றாகப் படித்து, நோயால் பிச்சைக்காரராகிவிட்ட ஒரு வாலிபருக்குக் கையைச் சரி செய்தார். புண் ஆறியது. விரல்கள் நிமிர்ந்தன. எல்லாருக்கும் சந்தோஷம். வாலிபரும் ஊருக்குப் போனார்.

சில நாளில் அவர் திரும்பி வந்தார். உடம்பு இளைத்துப் போயிருந்தது. டாக்டர் கொடுத்த கை நல்ல கை இல்லை, அது பிச்சைக்கு ஆகாத கை என்று அவர் வருத்தப்பட்டார்.

டாக்டருக்குத் திகைப்பு. பிறகுதான் விஷயம் புரிந்தது. மடங்கிய கையை நீட்டியபோது ஜனங்கள் இரக்கப்பட்டுக் காசு போட்டார்கள். நல்ல கையை நீட்டினால் யார் போடுவார்கள்? வேலை கேட்டுப் போனாலோ, பழைய தழும்பைப் பார்த்துக் கதவை மூடுகிறார்கள். நோய் போய்விட்டது. கையும் வந்துவிட்டது. ஊராரின் பயம் மட்டும் போகவில்லை!

கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது என்று பிராண்டு தெரிந்துகொண்டார். வேலூர்க் கல்லூரி வளாகத்தில் குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் தொடங்கினார். ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். மர வேலை செய்தார்கள், பொம்மைகள் செய்தார்கள். சொல்லிக் கொடுத்தது யார்? டாக்டரே! இளமையில் கற்ற தச்சு வேலை அப்போது கை கொடுத்தது.

பூனை காவல்

அங்கே இன்னொரு புதிர் இருந்தது. இந்த நோயில் விரல்கள் தாமாக அழுகி விழுந்துவிடும் என்று உலகம் நம்பியது. பிராண்டுக்குச் சந்தேகம்.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்க வரவில்லை. பிராண்டு முயன்றும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். கீழே பார்த்தால் ரத்தம்! சாவி அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

அன்றிலிருந்து பிராண்டு ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியவர் உண்டு. செருப்புக்குள் ஆணி குத்துவது தெரியாமல் நாள் முழுதும் நடந்தவர் உண்டு. சிலருக்கு மட்டும் ராத்திரியில் விரல் குறைந்தது. காலையில் பார்த்தால் காயம். காரணம் என்ன என்று இரவில் காவல் இருந்து பார்த்தார்கள். தூங்கும்போது எலி வந்து கடித்தது! வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. பிறகு நிலையத்தில் பூனை வளர்த்தார்கள். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போதும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

விரல்களைத் தின்றது கிருமி இல்லை என்று தெளிந்தது. நோய் வலியைக் கொன்றது. வலி இல்லாததால் காயங்கள் விரலைக் கொண்டுபோயின. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம். பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்தார்கள். தினமும் கை கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கப் பழக்கினார்கள். டாக்டர் மார்கரெட் பிராண்டு நோயாளிகளின் கண்களைக் காப்பாற்றும் ஆபரேஷனில் தேர்ந்தார்.

ஒரு பயங்கர இரவு

ஊராரின் பயத்தைப் போக்கப் பாடுபட்ட பிராண்டையும் ஒரு நாள் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவுக்குப் போய்விட்டுக் கப்பலில் இங்கிலாந்து வந்து இறங்கினார். உடம்பு சரியில்லை. நீண்ட ரயில் பயணம் செய்து லண்டனுக்கு வந்தார். இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை!

இரவெல்லாம் தூக்கம் இல்லை. மனைவி மக்களை விட்டுப் பிரிய வேண்டியதுதானா? பயப்படாதீர்கள் என்று இத்தனை பேருக்குச் சொன்னோமே, இனி யார் நம்புவார்கள்? விடியும்வரை இதே நினைவு.

காலையில் மறுபடி ஊசியால் குத்தினார். சுரீர் என்று வலித்தது. வாய்விட்டுக் கத்திவிட்டார்! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வலி என்பது எவ்வளவு பெரிய வரம் என்று அன்று அவர் உணர்ந்தார். ஓர் இரவு தாம் பட்ட பாட்டைத் தம் நோயாளிகள் வாழ்நாள் முழுதும் படுகிறார்கள் என்பதும் அன்றுதான் முழுதாக விளங்கியது.

மர நிழலில் வைத்தியம்

1955-ம் ஆண்டு இந்த வேலையில் மறக்க முடியாத ஆண்டு. வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி எழுந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டு, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது.

அதே ஆண்டில், மதுராந்தகம் பக்கத்தில் பொலம்பாக்கம் கிராமத்துக்கு பெல்ஜியம் நாட்டு டாக்டர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் வந்து வேலை தொடங்கினார். ஆப்பிரிக்காவில் கால் நூற்றாண்டு தொழுநோய் வைத்தியம் செய்தவர் அவர். நோயாளிகளை அடைத்து வைக்க மதில் கட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வண்டியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். சாலை ஓரத்து மர நிழல்தான் ஆஸ்பத்திரி. குறித்த நாளில் நோயாளி வருவார். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். கூட வந்த டாக்டர் கிளேர் வெல்லூட் அம்மையார் பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே தொண்டு செய்தார்.

மதிலுக்குள் இருந்த வைத்தியம் மரத்தடிக்கு வந்தது. நாலு பேர் பார்க்க நோயாளியும் டாக்டரும் பேசிக்கொண்டார்கள். ஊர் பார்த்தது, பயமும் மெல்லக் குறையத் தொடங்கியது.

சர்க்கரை நோயாளிக்கும் உதவி

பிராண்டின் புகழ் உலகம் முழுதும் பரவியது. 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. பல நாட்டு டாக்டர்கள் வேலூருக்கு வந்து அவரிடம் ஆபரேஷன் கற்றார்கள்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரிக்கு அவர் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்தார். அவர்களுக்கும் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போகிறது, புண் வருகிறது, கடைசியில் காலை எடுக்கிறார்கள். வேலூரில் கண்ட பாடத்தை அவர்களுக்கும் சொன்னார். வெறுங்காலோடு நடக்காதே, தினமும் பாதத்தைப் பார், மெத்தென்ற செருப்புப் போடு என்று இன்று சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் புத்திமதியில் வேலூர்த் தொழுநோயாளிகள் தந்த அறிவும் இருக்கிறது.

தாயார் எவலின் தள்ளாத வயதிலும் மலையை விடவில்லை. மட்டக் குதிரையில் ஏறிக் கிராமங்களுக்குப் போய் வந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பின் காலமாகி, கணவர் அடக்கமான கொல்லிமலையிலேயே அடக்கமானார். பிராண்டு 2003-ம் ஆண்டு ஜூலை 8-ந்தேதி அமெரிக்காவில் காலமானார். வயது 88.

மருந்து உண்டு, பயம் ஏன்?

தொழுநோய் இன்று முழுவதும் குணமாகும் நோய். 1981-ல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைக் கொண்டுவந்தது. நோயின் தன்மைக்குத் தக்கபடி ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் போதும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே, நோய் மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். ஜனங்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு.

ஆனாலும் 2023-ல் உலகில் ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம் பேருக்குப் புதிதாக நோய் காணப்பட்டது. அதில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான். உணர்ச்சி இல்லாத தேமலைக் கண்டும் டாக்டரிடம் போகாமல் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறைப்பதற்குக் காரணம் நோய் இல்லை. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான்.

சட்டமும் அந்தப் பயத்தை வெகுகாலம் சுமந்து வந்தது. தொழுநோய் கண்ட ஏழைகளைப் பிடித்து அடைக்க இடம் கொடுத்த 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்று காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி போனது 2019-ல்.

அதற்கு அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, அந்த நோயாலேயே இறந்த ஒரு டாக்டரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் தடுத்தது. ஆம்புலன்ஸ் மேல் கல் விழுந்தது. கொல்லிமலையில் பூசாரியின் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருந்த பயமும் சென்னையில் கல் எறிந்த பயமும் ஒன்றுதான். நூறு வருஷம் ஆகியும் அது சாகவில்லை.

நோய் பரவாமல் காத்துக்கொள்வது அவசியம். முகமூடி, கையுறை, சோப்பு எல்லாம் தேவைதான். ஜெஸ்ஸி கையுறை மாட்டியதில் தவறில்லை. மாட்டிக்கொண்டாவது அவர் புண்ணைக் கழுவினார். ஜாக்கிரதை வேறு, வெறுப்பு வேறு. ஜாக்கிரதை நோயைத் தடுக்கும். வெறுப்போ நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்யும். ஒளிந்துகொண்ட இடத்தில்தான் நோய் வளரும்.

கூடையை எரித்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்களின் விரல்கள் அதனால் நிமிர்ந்தன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் ஒதுங்காதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மருந்து அங்கே காத்திருக்கிறது.